ஃபெக்டரி வீடு வரட்டும், அதை எங்கே இறக்குவது?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "டித்வா புயலுக்குப் பிறகு எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இனி இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பாடசாலை, சொந்தக்காரர் வீடு என்று மாறி மாறி இருக்கிறோம். வெளிநாட்டில் வீட்டையே ஃபெக்டரியில் செய்து லொறியில் கொண்டுவந்து இறக்குகிறார்களாம். நம் அரசாங்கமும் அதற்குப் பணம் போட்டால் எங்களுக்கு வீடு சீக்கிரம் கிடைக்காதா? விலை குறையுமா? அது நம் மழைக்கு நிற்குமா?"

தோட்ட வீடமைப்பு வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தனாக நிறைய வருடம் மேடு பள்ளம் ஏறி இறங்கியவன் நான். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் எந்தப் பக்கம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபெக்டரி வீட்டுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் மலையகத்தில் வீடு தாமதமாவதற்குக் காரணம் சுவர் எழும்பச் சுணங்குவது அல்ல. ஒரு நல்ல மேசன் பாசும் நாலு கையாட்களும் இருந்தால் சுவர் சில வாரத்தில் எழும்பிவிடும். அந்தச் சுவர் நிற்க ஒரு துண்டு மண் வேண்டுமே, அதற்குத்தான் உங்கள் தாத்தா காலத்தில் இருந்து வரிசையில் நிற்கிறோம்.

எங்கள் ஆட்களிடம் "ஃபெக்டரி வீடு" என்றால் தேயிலை ஃபெக்டரியை நடத்தும் டீமேக்கர் ஐயாவின் வீட்டைத்தான் காட்டுவார்கள். அந்தத் தேயிலை ஃபெக்டரியையே ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள் தம்பி. பழைய ஃபெக்டரிகள் பலவற்றின் இரும்புத் தூணும் உத்தரமும் தகரமும் கப்பலில் துண்டு துண்டாக வந்து, இங்கே போல்ட் போட்டு முறுக்கி நிறுத்தப்பட்டவை. நூறு வருடம் தாண்டியும் நிற்கின்றன. லயத்துக் கூரைத் தகரமும் அப்படிக் கப்பலில் வந்த சாமான்தான். ஆக, எங்கோ செய்து இங்கே பூட்டுவது மலையகத்துக்குப் புதிது இல்லை. தேயிலை காய ஒரு தரம், தேயிலை பறித்தவர்கள் தூங்க வேறு தரம் என்று பணத்தைப் பிரித்தார்கள், அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஃபெக்டரி வீடு என்று எல்லோரும் ஒரே வாயில் சொன்னாலும் அது இரண்டு சாதி. ஒன்று, முழு அறையாக, சில சமயம் முழு வீடாகவே பெட்டி மாதிரிச் செய்து, பெரிய லொறியில் ஏற்றிக் கிரேன் வைத்து இறக்குவது. இரண்டாவது, சுவரைப் பெனலாகவும் கூரைச் சட்டத்தை மெல்லிய இரும்பாகவும் தனித்தனியே செய்து கட்டி அனுப்பி, இடத்தில் வைத்துப் பூட்டுவது. அமெரிக்காவில் நீங்கள் வீடியோவில் பார்ப்பது பெரும்பாலும் முதல் சாதி. அதை இங்கே மறந்துவிடுங்கள். அவிசாவளையில் இருந்து கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு வரும் பாதையில் இரண்டு பஸ் எதிர்ப்பட்டாலே ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய வளைவுகள் இருக்கின்றன. அது பிரதான பாதை. அதில் இருந்து பிரிந்து தோட்டத்தின் உட்பிரிவான டிவிஷனுக்குப் போகும் பாதையின் லட்சணம் உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது சாதி வரலாம், ஆனால் அதுவும் நடந்து வராது. ஒரு தடவை நான் பார்த்தேன். மேட்டு டிவிஷன் ஒன்றில் மாதிரி வீடு ஒன்று போட்டுக் காட்ட ஒரு கம்பனி பெனல்களை அனுப்பியிருந்தது. லொறி கோயில் வளைவு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேலே கொந்துறாத்துக்காரனின் சின்ன டிராக்டர் இரண்டு நடை போனது, மூன்றாவது நடையில் சேற்றில் புதைந்தது. கடைசியில் வேலை விட்டு வந்த பெடியன்கள் பன்னிரண்டு பேர், பெனல் ஒன்றுக்கு நாலு பேராக, கொழுந்துக்கு நடுவே படிக்கட்டில் ஏற்றினார்கள். நடுவில் ரெஜிபோம் என்ற இலேசான நுரைப் பொருள் கலந்த கலவையும் இரு பக்கமும் மெல்லிய சீட்டும் ஒட்டிய பெனல் அது. செங்கல், கொங்கிரீட் அளவு பாரம் இல்லை, உண்மைதான். ஆனால் மூலை நசுங்கினால் நசுங்கினதுதான். மேலே போய்ச் சேர்ந்தபோது ஐந்தில் ஒன்றாவது மூலை உடைந்திருந்தது. கல் உடைந்தால் பாதிக் கல்லையும் எங்காவது வைத்துக் கட்டிவிடலாம். மூலை போன பெனலை என்ன செய்வது? புதிது வரும்வரை அந்தச் சுவரில் தார்ப்பாய் தொங்கியது, மூன்று வாரம். "ஏழு நாளில் வீடு" என்று பெனரில் எழுதியிருந்ததை யாரும் கழற்றவும் இல்லை.

இனிப் பணக் கணக்கு. நான் பார்த்த வேலைகளில், 550 சதுர அடித் தனி வீடு ஒன்றில் சுவருக்கு மட்டும் போகும் காசு மொத்தத்தில் கால் பங்கைத் தாண்டியது அரிது. மிச்சம் அத்திவாரம், கூரை, கதவு யன்னல், தரை, மலசலகூடம், தண்ணீர், கரண்ட். சரிவில் கட்டும்போது இதோடு இன்னொன்று சேரும்: மண்ணை வெட்டிச் சமப்படுத்துவது, வெட்டிய பக்கத்துக்குக் கருங்கல் கட்டுவது, மழைத் தண்ணீர் வீட்டுப் பக்கம் வராமல் கான் வெட்டுவது. இந்தச் சில்லறைச் செலவு சில இடங்களில் சுவரையே விழுங்கிவிடும். ஃபெக்டரி மிச்சம் பிடித்துத் தருவது சுவர்ச் செலவிலும் கூலியிலும்தான். கால் பங்கில் ஒரு பங்கு மிச்சம் என்றாலும் மொத்தத்தில் எவ்வளவு? அதில் பாதியைக் கொழும்பில் இருந்து வரும் லொறிக் கூலி தின்றுவிடும். ஆகவே "விலை குறையுமா" என்ற கேள்விக்கு என் பதில்: வேகம் கொஞ்சம் கூடலாம், விலை பெரிதாகக் குறையாது.

இதை ஊகத்தில் சொல்லவில்லை. நம் நாட்டிலேயே ஒரு பெரிய பாடம் நடந்தது, வடக்கு கிழக்கில். போருக்குப் பிறகு இந்திய அரசு நன்கொடையாக 50,000 வீட்டுத் திட்டத்தை எடுத்தது. அதில் 46,000 வடக்கு கிழக்குக்கு, 4,000 மலையகத்துக்கு. வடக்கில் பெரும்பாலும் வீட்டுக்காரரின் கணக்கிலேயே கட்டம் கட்டமாகப் பணம் போனது, வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். சனங்கள் தாங்களே கல் வாங்கி, ஆள் பிடித்து, கைக்காசும் போட்டுக் கட்டினார்கள். கஷ்டப்பட்டார்கள், கடன்பட்டவர்களும் உண்டு, ஆனால் வீடு எழும்பியது. அப்புறம் 2016 அளவில், 65,000 இரும்பு வீடு கொண்டுவந்து பொருத்துகிறோம் என்று ஆர்செலர்மிட்டல் கம்பனியோடு ஒரு திட்டம் வந்தது. வீடு ஒன்றுக்கு 21 இலட்சம் ரூபாய் அளவில், கடன் பணத்தில். ஒரு கல்வீட்டின் காசுக்கு இரண்டு மூன்று மடங்கு! உள்ளே தளபாடம், தொலைக்காட்சி வரைக்கும் வரும் என்று ஆசை காட்டினார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர்கள் அத்திவாரத்தையும் துருவையும் காற்றோட்டத்தையும் பற்றிக் கேள்வி கேட்டார்கள். தமிழ்க் கட்சிகளும் சிவில் அமைப்புகளும் எதிர்த்தன. எண்ணிக்கை குறைந்து குறைந்து கடைசியில் அது நின்றே போனது. 2018இல் சீனக் கம்பனி ஒன்று, சீன எக்சிம் வங்கிக் கடனில், 40,000 வீடு கட்டும் திட்டத்தோடு வந்தது. அதுவும் செங்கல் வீடுதான் வேண்டும் என்ற எதிர்ப்பில் சிக்கியது.

அந்த வாக்குவாதத்தில் வெக்கை, துரு என்று பேசியது எல்லாம் சரிதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது பணம் போகும் பாதை. கல்வீட்டில் போகும் காசில் ஒரு பகுதி ஊரிலேயே நிற்கும்: கல் அறுக்கிறவருக்கு, மணல் ஏற்றுகிற டிராக்டருக்கு, மேசனுக்கு, தச்சனுக்கு, சோறு சமைத்துக் கொடுக்கிற அக்காவுக்கு. இறக்குமதிப் பெட்டியில் அந்தக் காசு டொலராக மாறி வந்த வழியே திரும்பிப் போகும், கடன் மட்டும் நம்மோடு நிற்கும். 2022இல் டொலர் இல்லாமல் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்ததை மறந்துவிட்டுப் பேச முடியாது. சீமெந்து மூட்டை 1,000 ரூபாய் அளவில் இருந்து 3,000 ரூபாயைத் தாண்டியதும் அப்போதுதான். அதனால்தான் மோடி 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவித்த மேலதிக 10,000 மலையக வீடுகளுக்கும் ஒரு வீட்டின் தொகையை 10 இலட்சத்தில் இருந்து 28 இலட்சத்துக்கு உயர்த்த வேண்டி வந்தது. அறிவித்தது 2017, முதல் 1,300 வீட்டுக்கு அடிக்கல் நாட்டியது 2024. இந்த ஏழு வருடத்தில் சுவர் எங்கே சுணங்கியது, சொல்லுங்கள்? சுவர் என்ற கட்டமே வரவில்லையே.

இந்த 28 இலட்சத்தை ஒரு தொழிலாளி கடனாக எடுத்தால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடுவோம். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். மாதம் 25 நாள் வேலைக்குப் பேர் விழுந்தால்கூட, சாப்பிடாமல் குடிக்காமல் ஏறக்குறைய ஏழு வருடச் சம்பளம், வட்டி இல்லாமல். ஆகவே இது நன்கொடையாகத்தான் வர வேண்டும், அரசாங்கப் பணமோ இந்தியப் பணமோ. முன்பு தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் மூலம் கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டிய காலமும் உண்டு. உங்கள் அப்பாவின் பழைய சம்பளச் சீட்டு எங்காவது இருந்தால் எடுத்துப் பாருங்கள், வெட்டுகளின் வரிசையில் அதுவும் இருக்கலாம். கடன் கட்டி முடித்தும் காணி உறுதிப் பத்திரம் வராதவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம், நீங்கள் கேட்ட அந்த வீடு அங்கேதான் பழசு. அங்கே ஃபெக்டரி வீட்டுக்கு நாடு முழுவதற்கும் ஒரே தரக்கட்டளை இருக்கிறது. 1974இல் சட்டம் போட்டு 1976 ஜூன் 15இல் இருந்து நடைமுறைக்கு வந்தது. எந்த மாநிலத்தில் செய்தாலும் அந்தக் கட்டளைப்படி செய்ததற்கு அடையாளமாக வீட்டின் வெளியே ஒரு சின்ன உலோகத் தகடு அடித்திருக்கும். இது நல்ல விஷயம், நமக்கு இல்லாத விஷயம். ஆனால் அங்கே ஒரு பெரிய சிக்கல் உண்டு, அதைக் கேட்டால் உங்களுக்கு லயம்தான் ஞாபகம் வரும். பல குடும்பங்களுக்கு வீடு சொந்தம், வீடு நிற்கும் நிலம் வேறொருவருடையது. நிலத்துக்கு மாத வாடகை. நிலம் சொந்தம் இல்லாததால் சட்டத்தின் கண்ணில் அந்த வீடு காணி பூமி இல்லை, கார் மாதிரி ஒரு அசையும் சாமான். அதனால் வங்கியில் சாதாரண வீட்டுக்கடன் கிடைக்காது, சாமானுக்குக் கொடுக்கும் கடன்தான் கிடைக்கும், வட்டியும் கூட. நில வாடகையை உயர்த்தினால் வீட்டைத் தூக்கிக்கொண்டு போகலாமே என்பீர்கள். தூக்கும் கூலியில் பாதி வீடு வாங்கலாம்.

அதனால் அங்கே அரசாங்கப் பணம் எதற்குப் போகத் தொடங்கியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 2023ஆம் வரவுசெலவு ஆண்டுக்கு அவர்கள் நாடாளுமன்றம் இந்த வகைக் குடியிருப்புகளுக்கென்றே 22 கோடி 50 இலட்சம் டொலர் ஒதுக்கியது. புது வீடு வாங்க மட்டும் அல்ல, தண்ணீர்க் குழாய், கழிவு நீர், பழைய வீட்டைத் திருத்துவது, அழிவைத் தாங்கும்படி செய்வது, குடியிருப்போர் கூட்டாகச் சேர்ந்து நிலத்தையே வாங்குவது, இதற்கெல்லாம். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1984இலேயே அப்படி வாங்கத் தொடங்கிவிட்டார்கள். ஃபெக்டரி வீட்டில் ஊறிய நாடே கடைசியில் நிலத்துக்கும் குழாய்க்கும்தான் பணம் தேடுகிறது.

நம் கதையும் அங்கேயே வந்து நிற்கிறது. தோட்டக் காணி அரசுடையது. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது, பிறகு நீண்ட குத்தகையாகி, அது பெரும்பாலும் 2045 வரை ஓடுகிறது. நீங்கள் இருக்கும் காம்பராவுக்கு, அந்த லயத்து அறைக்கு, நீங்கள் சொந்தக்காரரும் இல்லை, வாடகைக்காரரும் இல்லை, வேலை செய்கிற வரைக்கும் இருக்கலாம் என்ற மாதிரி ஒரு நிலை. ஒரு இஸ்தோப்பை, அதாவது வாசல் திண்ணையை, மறைத்துச் சுவர் வைத்தால்கூடத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்க வேண்டியிருந்ததே. 2015க்குப் பிறகு ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி, உறுதியோடு, என்ற முடிவு வந்தது. ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே, ஏழென்றால் 1,900 சதுர அடி சொச்சம். 550 சதுர அடி வீடு போக முன்னால் பத்து ரோஜாச் செடியும் பின்னால் ஒரு கோழிக் கூடும் வைக்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தவர்களுக்கு அது பெரிய மாற்றம். 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைக்குச் சட்டம் வந்தது. அதே வருடம்தான் பிரதேச சபைச் சட்டத்தையும் திருத்தினார்கள். அதற்கு முன்பு, வாக்குப் போட்டுப் பிரதேச சபைக்கு ஆள் அனுப்பும் தோட்டத்து மக்களுக்கு, அந்தச் சபையின் பணத்தில் ஒரு பாதைகூடப் போட முடியாத நிலை. பொதுப் பணம் என்று பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். ஊருக்குப் பொதுவான பணம் தோட்டத்து வாசலில் நின்றுவிடும் பழக்கம் நமக்கு நீண்ட காலப் பழக்கம்.

ஒரு வீட்டுக்கு இடம் கிடைப்பது எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். முதலில் கம்பனி இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். நல்ல கொழுந்து வரும் மட்டமான மலையை யாரும் விடமாட்டார்கள். தேயிலை செத்த சரிவு, பாறை, ஓடைக் கரை, இதுதான் முதலில் நீட்டப்படும். அதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் வந்து பார்த்து, சரியும் மண் என்றால் வேண்டாம் என்பார்கள். திரும்ப வேறு இடம், திரும்பக் கடிதம். பிறகு நில அளவை, பிறகு பாதை, பிறகு தண்ணீர் எங்கிருந்து என்ற சண்டை. இத்தனையும் முடிந்த பின்புதான் மேசன் வாளியைத் தூக்குவார். உங்கள் ஃபெக்டரி மிச்சம் பிடிப்பது இந்த மேசன் வாளி தூக்கிய பிறகு வரும் மாதங்களை மட்டும்.

கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கொடுக்கும் அறிக்கையை வெறும் கடதாசி என்று நினைக்காதீர்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் மலை இறங்கியது. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரித்தார்கள் சரி, போவதற்கு இடம் யார் கொடுத்தது? 2025 நவம்பர் கடைசியில் டித்வா வந்தபோது நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் போனார்கள், அதில் மலைநாட்டுச் சரிவுகளில் போனவர்கள் ஏராளம். மண்ணோடு வீடு இறங்கும்போது அது கல்வீடா பெனல் வீடா என்று மண் பார்ப்பதில்லை.

பணம் வரும் விதத்திலும் ஒரு பொருத்தமின்மை இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபெக்டரிக்கு லாபம் வருவது ஒரே மாதிரியான சாமானை நிறுத்தாமல் ஆயிரக்கணக்கில் செய்யும்போது. சென்னை பெரும்பாக்கத்தில் கொங்கிரீட் துண்டுகளை முன்கூட்டியே வார்த்துப் பொருத்தி 1,152 வீட்டை ஒரே இடத்தில் கட்டி 2022இல் திறந்தார்கள். மட்டமான நிலம், கிரேன் ஓட அகலப் பாதை, ஒரே வளவில் அத்தனை வீடு. நமக்கு இந்த டிவிஷனில் இருபது, அந்த டிவிஷனில் முப்பத்தைந்து, நடுவில் ஒரு ஆறு. பணமோ வருடத்துக்கு வருடம் சொட்டுச் சொட்டாக வரும். டிசம்பரில் நிற்கும், மார்ச்சில் திரும்பக் கசியும். அமைச்சர் மாறினால் வீட்டின் வரைபடம் மாறும், சில சமயம் கூரையின் நிறம்கூட மாறும். இப்படிச் சொட்டும் பணத்தை நம்பி எந்த முதலாளி இயந்திரம் இறக்குவார்? இறக்கினால் அந்தச் சும்மா நிற்கும் மாதங்களுக்கான செலவையும் சேர்த்துத்தான் நம் வீட்டில் விலை போடுவார். ஃபெக்டரி வீடு வேண்டும் என்றால் அரசாங்கம் முதலில் தர வேண்டியது ஐந்து வருடத்துக்கு எழுத்தில் உறுதியான ஓடர். அதைக் கேட்காமல் வெறும் "தொழில்நுட்பம், தொழில்நுட்பம்" என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

மழைக்கு நிற்குமா என்று கேட்டீர்கள். நான் சொன்ன அந்த மாதிரி வீட்டுக்கே மறுபடி வருவோம். கட்டி முடித்து ஆறு மாதம் கழித்து ஒரு ஜூலை மாதம் போயிருந்தேன். வெளியே நாலு நாளாகத் தூறல், மலை தெரியாத பனி. வீட்டுக்கார அக்கா வாசலில் நின்று, "ஐயா உள்ள வாங்க, எங்க வீட்டுக் கூரை வேர்க்கிறதப் பாருங்க" என்றார். உண்மையிலேயே வேர்த்திருந்தது. வெளியே ஓட்டை இல்லை, ஒழுக்கு இல்லை. அடுப்பின் ஆவியும் ஆட்களின் மூச்சும் குளிர்ந்த சீட்டில் பட்டுத் தண்ணீராகி, வரிசை வரிசையாகச் சொட்டியது. சீட்டுக்குக் கீழே ஒரு காப்புப் படலமும் சீலிங்கும் மேலே காற்றுப் போக வழியும் வைத்திருந்தால் இது வராது. வைக்கவில்லை, ஏனென்றால் வரைபடம் கீழ்நாட்டு வெக்கைக்குப் போட்ட வரைபடம். நுவரெலியா கடல் மட்டத்துக்கு 1,868 மீட்டர் மேலே இருக்கிறது, அங்கே பிரச்சினை வெக்கை இல்லை, ஈரமும் குளிரும்.

பிறகு அந்த அக்கா சுவரைக் காட்டினார். சாமிப் படம் மாட்ட ஆணி அடித்திருக்கிறார், ஆணி சத்தமே இல்லாமல் உள்ளே போய்விட்டது, படத்தைத் தொங்கவிட்டதும் ஆணியோடு கையில் வந்தது. நாலு இடத்தில் முயன்ற நாலு ஓட்டை. பெனலுக்கென்று தனி ஆணி உண்டு, டவுனில் கிடைக்கும், ஒன்றின் விலை சாதாரண ஆணிப் பக்கெட் அளவு. படம் கடைசியில் அரிசிப் பெட்டிக்கு மேலே சாய்ந்து நின்றது. "வீடு நல்லா இருக்கு ஐயா, ஆனா விருந்தாளி வீட்டுல இருக்கிற மாதிரியே இருக்கு" என்றார்.

எனக்குப் பயம் தந்தது ஆணி அல்ல, அடுப்பு. நம் வீடுகளில் இன்னும் விறகுதான் பாதிச் சமையல். சுவருக்குள் ரெஜிபோம் இருக்கும் வீட்டில் அடுப்பங்கரைப் பக்கத்துக்குக் கல்லோ கொங்கிரீட்டோ வைத்தே ஆக வேண்டும், புகைபோக்கியும் வேண்டும். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ இருபது காம்பராவைத் தின்றதை வருடா வருடம் பார்க்கிறோம். அப்புறம் காற்று. ஆடி மாதக் காற்றில் தகரம் பறக்காமல் கல்லையும் மணல் மூட்டையையும் கூரையில் ஏற்றி வைத்த ஊர் நம்முடையது. இலேசான வீட்டுக்கு அந்தக் காற்றுத்தான் பெரிய எதிரி, அதை அத்திவாரத்தோடு எப்படிக் கட்டிப் பிடித்திருக்கிறார்கள் என்பதைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஆகவே இது உதவாது என்று சொல்கிறேனா? இல்லை. முழு வீட்டையும் ஃபெக்டரியில் தேடாமல், பாதி வீட்டைத் தேடினால் நமக்கு லாபம். கூரைச் சட்டம், கொங்கிரீட் தூண், கதவு யன்னல் நிலை, மலசலகூடத்தின் பீடமும் குழியும். இவற்றை ஹட்டனிலோ நாவலப்பிட்டியிலோ பண்டாரவளையிலோ ஒரு சின்ன வார்ப்புக் கூடத்தில் ஒரே அளவில் செய்யலாம். ஒன்றை இரண்டு பேர் தூக்கலாம், டிராக்டர் போகும், உடைந்தால் நாளைக்கே அடுத்தது வரும். தோட்டத்துப் பெடியன்களுக்கு அதே கூடத்தில் வேலையும் கிடைக்கும். சுவரை வீட்டுக்காரர் தனக்குப் பிடித்த கல்லில் கட்டிக்கொள்ளட்டும். அரசாங்கப் பணத்தில் பெரும் பங்கு இடத்துக்கும் கருங்கல் கட்டுக்கும் கானுக்கும் பாதைக்கும் தண்ணீருக்கும் போகட்டும். கொஞ்சத்தை எடுத்து, இந்த நாட்டு மழையிலும் காற்றிலும் பெனல்களைச் சோதித்து, தேறியதற்கு அந்த அமெரிக்கத் தகடு மாதிரி ஒரு தகடு அடித்துக் கொடுக்கட்டும்.

உங்களைப் போல இன்று தங்க இடம் இல்லாதவர்களுக்கு உடனடித் தங்குமிடமாக ஃபெக்டரி வீடு உண்மையிலேயே நல்லது, அதை மறுக்கமாட்டேன். புயலுக்குப் பிறகு உடைந்த பாலங்களுக்குப் பதிலாக பெய்லி பாலம் துண்டு துண்டாக வந்து பொருந்தியதே, அதே மாதிரி. பாடசாலை வகுப்பறையில் திரை கட்டிப் படுப்பதை விட எந்தப் பெனல் வீடும் மேல். ஆனால் ஒன்றை எழுதி வாங்க வேண்டும்: இது எத்தனை மாதத்துக்கு, அதற்குப் பிறகு நிரந்தர இடம் எங்கே? இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டன் பத்து வருடத்துக்கு என்று சொல்லி ஒன்றரை இலட்சத்துக்கு மேல் ஃபெக்டரி வீடு போட்டது. செங்கல் வீட்டை விட மலிவாகவும் முடியவில்லை, பத்து வருடத்தில் தீரவும் இல்லை, அரை நூற்றாண்டு தாண்டியும் அவற்றில் ஆட்கள் இருந்தார்கள். நம் லயங்களும் யாரோ நிரந்தரம் என்று நினைத்துக் கட்டியவை அல்ல.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். புயலில் முற்றாக அழிந்த வீடுகளுக்கு 50 இலட்சம் ரூபாய் வரை என்று அரசாங்கம் அறிவித்தது. உங்கள் லயம் முற்றாக அழிந்ததா, இருக்கத் தகாததா, எந்தப் பட்டியலில் உங்கள் பெயர் என்று கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் லயத்தைப் பற்றிக் கொடுத்த அறிக்கையின் பிரதி பிரதேச செயலகத்தில் இருக்கும், அதையும் கேளுங்கள். மாற்று இடம் என்று ஒன்றைக் காட்டினால் அந்த இடத்துக்கும் தனி அறிக்கை வேண்டும். பழைய அறிக்கையைக் காட்டி ஏமாற்றப் பார்ப்பார்கள். 7 பேர்ச்சா, உறுதி யார் பெயரில், கணவன் மனைவி இருவர் பெயரிலுமா என்று கேளுங்கள். மனைவி தோட்டத்தில் வேலை செய்து கணவன் கொழும்பில் இருக்கிற வீடுகளில் இது பெரிய கேள்வி. இதற்கெல்லாம் பதில் வந்த பிறகு யாராவது பெனல் வீட்டின் படத்தைக் காட்டினால், ஒரு ஜூலை மாதத்தில் ஆட்கள் குடியிருக்கிற அப்படி ஒரு வீட்டுக்கு உங்களைக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். போகும்போது உங்கள் அம்மாவையும் அழைத்துப் போங்கள். கூரையை நீங்கள் பாருங்கள், அடுப்பங்கரையை அவர் பார்ப்பார்.